அதட்டச் சொன்னவள்

இராக்கம்மா தன் மருமகனை ஒன்பது வருடம் திட்டினாள். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஊரறியத் திட்டினாள், பிறகு நீதிமன்றத்திலும் ஊரறியவே அதைச் சொன்னாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அழுது வடிகிற ஓர் ஏழைத் தாயைப் படம் பிடிக்கலாம் என்று வந்த பத்திரிகைக்காரர்கள் சிலர், அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

நான் கனகசுந்தரம். பிறந்தது சாவகச்சேரி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினாறு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். தோட்டத்தில் எனக்கு 'யாழ்ப்பாணத்து சார்' என்று பெயர். சிங்களம் எழுதத் தெரிந்த தமிழ் வாத்தியார் என்பதால் தோட்டத்தின் பாதிக் கடிதங்கள் என் மேசையில்தான் எழுதப்படும். இராக்கம்மா தரப்பில் போன கடிதங்களும் அப்படித்தான், முதல் கடிதம் ஒன்றைத் தவிர. அதைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து ஒரு சார்ஜன் எழுதினார், கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. பதினாறு வயதில் கொழுந்து பறிக்க மலை ஏறியவள். கணவன் குளவி கொட்டிச் செத்தபோது மகள் சிவசக்திக்கு ஆறு வயது. பதினைந்து நாள் கழித்து அதே மலைக்கு ஆட்களைப் பிரித்துவிட்டார் கணக்கப்பிள்ளை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இராக்கம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல நீங்க உள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டு வாங்கய்யா, பின்னாலயே நாங்க வர்றோம்" என்றாளாம். அன்றைக்கு ஒருவரும் அந்த மலைக்குப் போகவில்லை. குளவிக்கூட்டை எடுக்கத் தோட்டத்தை நடத்துகிற துரையே ஆள் அனுப்பினார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகன் ஜெயரூபன். பசறைப் பையன், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், சிவசக்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் நின்று பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதற்காக இராக்கம்மா வாயை மூடிக்கொண்டா இருப்பாள்? அடுப்பிடம் பேசுவாள். "அடுப்பே, சனிக்கெழம வந்தா சில பேருக்கு வீட்டு வாசல் தெரியாதாம்ல, கேட்டியா?" வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அவன் வெளியே வண்டியைத் துடைத்தபடி சிரிப்பான். மறுநாள் ஒரு பொட்டலம் கருவாடு வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போவான்.

நல்லவனா என்று கேட்டால், சனிக்கிழமை நல்லவன் அல்ல. மற்ற நாளில் நல்லவன். எங்கள் பாதையில் மழைக்காலத்தில் வண்டி இறக்க எவனும் வரமாட்டான். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு அவன் இறங்குவான்.

2021இல் சிவசக்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் நாலு மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வாங்க ஏற்பாடு செய்தாள். புகையில்லாமல் தேநீர் வைத்த அந்த முதல் நாளில் இராக்கம்மா லயத்தில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள், என்னையும் கூப்பிட்டாள். அடுத்த வருடம் நாட்டில் பெட்ரோலும் இல்லை, கேஸும் இல்லை. வண்டி ஓடாமல் நின்றது. ஜூன் மாதம் ஒருநாள் இராக்கம்மா வேலை முடிந்து வந்து பார்த்தால் சிலிண்டரைக் காணவில்லை. கேஸ் கிடைக்காத காலத்தில் அதற்கு நல்ல கிராக்கி. மருமகன் அதை விற்று, இரண்டு நாள் குடித்துவிட்டுக் கிடந்தான்.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுப்பிடம் சொல்லவும் வழியில்லை. நேரே பொலிசுக்குப் போனாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பொலிசுக்குப் போவது வழக்குப் போடுவதற்கு அல்ல. "கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டி விடுங்க சார்" என்று கேட்கத்தான் போவார்கள். ஆளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, நாலு வார்த்தை திட்டி அனுப்புவார்கள். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஒரு மாதம் ஒழுங்காக இருப்பான். தோட்டத் தலைவர் சொல்லுக்கும் அடங்காத ஆண்களுக்கு இதுதான் கடைசி மருந்து. அறை வாங்கி வந்தவர்களும் உண்டு. அதையும் மருந்தோடு சேர்த்தே எண்ணிக்கொண்டோம். நான்கூட இரண்டு மூன்று பெண்களை, போய்ச் சொல்லுங்கோ என்று அனுப்பி வைத்திருக்கிறேன்.

சார்ஜனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவள் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு, "அம்மா வீட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றார். நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. வழக்கு நடக்கிறது.

பதினோராம் நாள் காலையில் நாலு பேர் சாதாரண உடையில் லயத்துக்கு வந்தார்கள். ஜீப் வராத ஒடுங்கிய பாதை, ஆகவே நடந்துதான் வந்தார்கள். இராக்கம்மா அப்போது எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கை கொழுந்தில் இருந்தாலும் கண் எதிர்மலைப் பாதையில் இருக்கும். வருவது துரையா, கணக்கப்பிள்ளையா, வெளியாளா என்று முகம் தெரியாத தூரத்திலேயே நடையை வைத்துச் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பேசிக்கொண்டு நின்றதற்கு ஏச்சு வாங்க வேண்டும். முன்னால் இரண்டு பேர், நடுவில் ஜெயரூபன், பின்னால் இரண்டு பேர். மேல்பாதைக்கு ஏறி மறைகிற வரைக்கும் இராக்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பக்கத்து நிரையில் நின்றவளிடம், "ரெண்டு நாளைக்கு நம்ம வீடு அமைதியா இருக்கும்டி" என்றாள்.

இந்த வார்த்தையை அவளே வந்து என்னிடம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாலையில் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். பெரட்டுக்களத்தில் எவ்வளவு வாய் பேசினாலும் பொலிஸ் படியில் தலை குனிந்துதான் நின்றாள். நாற்பது வருடப் பழக்கம் அது. விசாரணை முடியவில்லை, நாளைக்கு வா என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரின் சப்பாத்துத்தான் அவளுக்குத் தெரியும். சோற்றுப் பார்சலை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குத் தோட்டத் தலைவர் முருகையா ஓடி வந்தார். ஜெயரூபன் பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். அவள் போய்ச் சேர்ந்தபோது அவனைப் பிணவறையில் வைத்திருந்தார்கள். குடிவெறியில் கழிப்பறைப் படியில் விழுந்து தலையில் அடிபட்டுவிட்டதாம். அடையாளம் காட்டுவதற்கு முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். அவள் கால்பக்கம் போனாள். செத்தவனின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்ட வேண்டும். யாராவது கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போர்வையைத் தூக்கினாள். உள்ளங்கால் இரண்டும் கன்றிக் கறுத்து வீங்கிக் கிடந்தன.

"படியில விழுந்தவனுக்கு உள்ளங்கால்ல எப்படிய்யா அடிபடும்?" என்று கேட்டாள். கேள்வியை அவள் விடவில்லை. சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்காமல் பிரேதத்தை எடுக்கமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் நாள் அறிக்கை வந்தது. உடம்பில் இருபத்து மூன்று காயம். இரத்தத்தில் மது இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் முருகையா என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். இரண்டுக்கும் பல நேரம் வித்தியாசம் தெரியாது.

"அக்கா, அவங்க புத்தகத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? நீ குடுத்த கம்ப்ளேன்ட வச்சுத்தான் புடிச்சோம்னு எழுதியிருக்காங்க. கேசுன்னு போனா மொதல்ல அதத்தான் எடுத்துப் போடுவாங்க. சிவசக்திக்குத் தெரிஞ்சா என்னா ஆகும்?"

அவர் யோசித்துச் சொன்னதா, யாரோ சொல்லி அனுப்பியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொலிஸ்காரர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார்கள். அந்த ஒரு கடதாசிதான் அவர்களின் கவசம். இராக்கம்மா வாய் திறந்தால் மகள் முன்னால் அவளே குற்றவாளி ஆவாள். திறக்காவிட்டால் படியில் விழுந்தான் என்பதே நிலைத்துவிடும்.

நானும் பெரிய வீரன் மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, இப்ப இதைப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. கோர்ட்டில கேட்டால் பாப்பம்" என்றேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

இராக்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நான் செஞ்சத எம்மகளுக்குப் பொலிஸ்காரன் வந்து சொல்லணுமா? ஒங்க போன குடுங்க."

அவள் போனில் காசு இல்லை. என் போனில் குவைத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். எழுந்து வெளியே போகப் பார்த்தேன், இருங்க என்று கையைக் காட்டினாள். சுற்றி வளைக்கவில்லை. "சிவசக்தி, நாந்தான்டி பொலிசுக்குப் போனேன். சிலிண்டர வித்துப்புட்டாருன்னு ஆத்திரத்துல போயிச் சொன்னேன். அதட்டி விடுங்கன்னு சொன்னேன். அவரக் கூட்டிக்கிட்டுப் போறப்ப எதுத்த மலையில நின்னு பாத்தேன். நல்லா வேணும்னு நெனச்சேன்டி."

அந்தப் பக்கத்திலிருந்து "நீயாம்மா?" என்ற ஒரு வார்த்தை. இணைப்பு அறுந்தது. அதன் பிறகு மூன்று வருடமாகச் சிவசக்தி தன் தாயோடு பேசவில்லை. புருசனின் தாய்க்குப் பேசுவாள், எனக்கு ஒரு முறை பேசினாள். அம்மாவுக்கு இல்லை. இராக்கம்மா அன்றைக்கு அழுதாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "பதுளையில நல்ல லோயர் யாரு இருக்காங்க சார்?" என்று கேட்டாள்.

சட்டத்தரணி காமிலா அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லப் பேசுவார், பேசியதை மாற்றமாட்டார். முதல் நாளே அவரும் அந்த முறைப்பாட்டைப் பற்றி எச்சரித்தார். மரண விசாரணையில் எதிர்பார்த்தபடியே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"எங் கையெழுத்துத்தாங்க."

"இறந்தவரை உங்களுக்குப் பிடிக்காது, அப்படித்தானே?"

"ஒம்பது வருசமாத் திட்டிக்கிட்டு இருந்தேங்க. லயத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அவரைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னதே நீங்கள்தான்."

"அதட்டச் சொன்னேங்க. கொல்லச் சொல்லல. எம்மருமகன நான் திட்டுவேன், அது எங்க வீட்டுப் பேச்சு. உள்ளங்கால்ல கட்டையால அடிக்கச் சொல்லி அந்தப் பேப்பர்ல எந்த எடத்துல எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒளித்து வைத்திருந்தால் அன்றைக்கு அது எங்களைக் கவிழ்த்திருக்கும். அவளே ஒத்துக்கொண்டதால் அதைக் காட்டி மிரட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. அடுத்ததாகப் பசறைக் கடைக்காரர் ஜஸீல் சாட்சி சொன்னார். ஒரு அடிதடியில் மாட்டி அன்றிரவு நிலையத்தில் பக்கத்துக் கூண்டில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். இருட்டில் முகம் தெரியவில்லை, ஆனால் "பம்பி எங்கே, எந்தக் கடையில் போட்டாய்" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடித்த சத்தம் கேட்டது என்றார். மரக்கறித் தோட்டம் ஒன்றில் நீர்ப்பம்பி ஒன்று களவு போயிருந்தது. அதை ஒருவன் தலையில் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. மாமியார் கொடுத்த கடதாசி கைக்கு வசதியாகக் கிடந்தது.

நிலையப் புத்தகத்தின்படி அன்று கடமையில் இருந்தவர்கள் சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும் மட்டுமே. லயத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். மற்ற இரண்டு பேரும் அன்று லீவில் இருந்ததாக எழுதி வைத்திருந்தார்கள். அவர்களை அடையாளம் காட்ட வேண்டியவள் இராக்கம்மா. லயத்தில் பார்த்த மற்றவர்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடையாள அணிவகுப்பு நடந்த இடத்துக்கு என்னை விடவில்லை. காமிலாவும் இராக்கம்மாவும் பிறகு சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். ஒரே மாதிரி உடையில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். இராக்கம்மா கிட்டப் போனாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"இவ்வளவு கிட்டத்துல எனக்குத் தெரியாதுங்க" என்றாள் நீதவானிடம்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முகம் மலர்ந்ததாகக் காமிலா சொன்னார்.

"எல்லாத்தையும் அந்தக் கோடிக்குப் போகச் சொல்லுங்க. திரும்பி நின்னு, ஒவ்வொருத்தரா அந்த மேட்டுப்படியில ஏறச் சொல்லுங்க. முகத்த நான் பாக்கலீங்க. நடையத்தான் பாத்தேன்."

எதிர்ப்புக் கிளம்பியது, வாக்குவாதம் நடந்தது. எதிர்ப்பைக் குறித்துக்கொண்டு நீதவான் அனுமதித்தார். முற்றத்தின் கோடியில் ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படி ஏறினார்கள். மூன்றாம் ஆள் ஏறியதும் இராக்கம்மா கையை நீட்டினாள். "பின்னால வலப்பக்கம் போனது இவரு." ஏழாம் ஆள். "முன்னால போனது இவரு. ஏறும்போது இடது தோள எறக்குவாரு." இரண்டு பேரும் அந்த இரண்டு பேர்தான். ஏழாம் ஆளின் சம்பவ நாளைய தொலைபேசிப் பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். லீவில் இருந்தவரின் போன் மடுல்சீமைக் கோபுரத்தில் பதிவாகியிருந்தது.

அதன் பிறகு மூன்று வருடம் இழுத்தது. நாலு பேரையும் பணியிலிருந்து நிறுத்தினார்கள், பிறகு இரண்டு பேரை வேறு மாவட்டத்தில் திரும்பச் சேர்த்தார்கள். யார் யாரோ லயத்துக்கு வந்து பேரம் பேசினார்கள். ஒரு தீபாவளிக்குப் புத்தம் புதிய கேஸ் சிலிண்டர் ஒன்று அவள் வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று எவருக்கும் தெரியவில்லை. அதை அவள் முருகையாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொலிஸ் நிலைய வாசலில் இறக்கி, "ஒங்க சாமானு எங்க வீட்டு வாசலுக்கு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று தலை குனியவில்லையாம். முருகையா எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதிலிருந்து அவருக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

2025இல் சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். நாலு பேர் மீதும் கொலைக் குற்றம், சித்திரவதைக் குற்றம். சார்ஜன் மீது பொய்ப் பதிவு எழுதிய குற்றமும் சேர்த்து. அதை வாசிக்கிற நாளில் பதுளை மேல் நீதிமன்றத்துக்கு நாங்கள் போனபோது, பின்வாங்கில் சிவசக்தி உட்கார்ந்திருந்தாள். குவைத்திலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. பசறையில் புருசனின் தாயோடுதான் இருந்தாள். அம்மா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இராக்கம்மா அவளைக் கண்டதும் நின்றாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா முன்வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சிங்களத்தில் வாசித்து, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்கள். நாலு பேரும் கூண்டில் எழுந்து நின்று, தாங்கள் குற்றவாளிகள் அல்ல என்றார்கள். சாட்சிகளோடு பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு பிணை கொடுத்து வழக்கை அடுத்த தவணைக்கு ஒத்தி வைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் அந்தச் சார்ஜன் நேரே சிவசக்தியிடம் வந்தார். அவள் சாட்சிப் பட்டியலில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும். இராக்கம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"தங்கச்சி, எங்க மேல கோவப்பட வேணாம். ஒங்க அம்மாதான் வந்து கம்ப்ளேன் குடுத்தது. அவங்க கேட்டதுதான் நாங்க செஞ்சது. தெரியுமா அது?"

காமிலா குறுக்கே வர அடியெடுத்து வைத்தார். சிவசக்தி கையால் மறித்தாள்.

"தெரியும். எங்கம்மா செஞ்சத எங்கம்மாவே எனக்குச் சொல்லிட்டாங்க. அவரு காரியம் முடிஞ்ச மறுநாளே சொல்லிட்டாங்க. நான் பேசமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொன்னாங்க." நீதிமன்றக் கதவைக் கையால் காட்டினாள். "நீங்க செஞ்சத நீங்க இன்னும் சொல்லல. இப்ப உள்ள அத்தன பேரு முன்னால கேட்டாங்களே, அப்பவும் சொல்லல."

சார்ஜன் வாயைத் திறந்தார். இராக்கம்மா முன்னால் வந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி நின்றாள். அவர் படியிறங்கிப் போனார்.

சிவசக்தி அம்மாவின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாம்மா," என்றாள். "அடுத்த தவணை எப்பன்னு கேட்டுக்கிட்டுப் போவோம்."